மூன்று தம்ளர் உப்புத் தண்ணீர்: ஈயத்துக்குப் பயந்து எந்த உப்பை வாங்குவது?

போன வாரம் ஒரு ராத்திரி, ஜன்னல் திட்டில் மூன்று கண்ணாடித் தம்ளர்களை வரிசையாக வைத்தேன். மூன்றிலும் காய்ச்சி ஆறின தண்ணீர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் உப்பு. முதல் தம்ளரில் பாக்கெட் தூள் உப்பு, அடுத்ததில் ஊரிலிருந்து மூட்டையாக வந்த கல் உப்பு, கடைசியில் பிங்க் நிற இமாலய உப்பு. நன்றாகக் கலக்கிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தால், தூள் உப்புத் தண்ணீரில் லேசான பால் மூட்டம், அடியில் மண் இல்லை. கல் உப்புத் தண்ணீர் மேலே பளிங்கு மாதிரி இருந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் பொடி மண்ணும் இரண்டு மூன்று கறுப்புத் துகளும். பிங்க் உப்பில் தம்ளரின் அடிவட்டம் முழுக்கச் செம்மண் படலம். தண்ணீரை இறுத்துவிட்டு விரலால் தொட்டேன். வழுவழுவென்று களிமண்.

இத்தனையும் தங்கைக்காக. அவளுக்கு இது ஐந்தாவது மாதம். கோயம்புத்தூரில் இருக்கிறாள். எங்கள் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம் என்பதால் வருஷத்துக்கு ஒரு தடவை சித்தப்பா வீட்டிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஒரு மூட்டை உப்பு வந்துவிடும். “அக்கா, கடல் உப்புல ஈயமும் பாதரசமும் இருக்காமே. நம்ம ஊர் மூட்டையைத் தூக்கிப் போட்டுட்டு பிங்க் உப்புக்கு மாறிடவா?” என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஈயத்தை அலட்சியமாக விட முடியாது. பிள்ளையின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பதம் பார்க்கும். ஆனால் ‘கடல் கெட்டுப்போச்சு, அதனால் உப்பும் கெட்டுப்போச்சு’ என்ற கணக்கு எனக்கு நேராக இல்லை. அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

கடலா, மண்ணா?

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் கரைந்திருப்பது ஏறக்குறைய 35 கிராம். அதில் நாம் சாப்பிடும் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, 27 கிராம் சொச்சம். ஆக ஒரு கிலோ உப்புக்கு 40 லிட்டர் கடல் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். நடுக்கடல் தண்ணீரில் ஈயம் லிட்டருக்குச் சில நானோகிராமிலிருந்து சில பத்து நானோகிராம் வரைதான் (ஆயிரம் நானோகிராம் சேர்ந்தால் ஒரு மைக்ரோகிராம்). தாராளமாக 30 என்று வைத்து, அதில் ஒரு துளிகூட வெளியே போகாமல் உப்பிலேயே தங்குகிறது என்று எடுத்தாலும், ஒரு கிலோ உப்பில் 1.2 மைக்ரோகிராம் தேறும். சாப்பாட்டு உப்புக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் ஈய வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம், அதாவது 1000 மைக்ரோகிராம். கடல் கொடுப்பது அதில் எண்ணூறில் ஒரு பங்கு.

நடுக்கடலில் யார் உப்பு விளைவிக்கிறார்கள், கரையோரத் தண்ணீர்தானே என்று கேட்கலாம். சரி, கரையோரத்தில் கழிவு கலந்து லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் ஈயம் இருக்கிறது என்று வையுங்கள். அது மோசமான தண்ணீர். அதிலிருந்து வரும் ஒரு கிலோ உப்பிலும் 40 மைக்ரோகிராம்தான், வரம்பில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஆர்செனிக் கடலில் இயற்கையாகவே கொஞ்சம் கூடுதல், லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் வரை. அத்தனையும் ஒட்டிக்கொண்டால் கிலோ உப்புக்கு 80, வரம்பு 500.

உண்மையில் அத்தனையும் ஒட்டுவதும் இல்லை. சித்தப்பா ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்தில் ரொம்ப வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். சின்ன வயதில், தண்ணீரில் உப்பு எவ்வளவு கெட்டி என்பதை டிகிரியில் காட்டும் கண்ணாடிக் குழாயை அவர் பாத்தித் தண்ணீரில் மிதக்கவிடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கடல் தண்ணீர் 3 டிகிரி. வெயிலில் வற்ற வற்ற ஏறி, நடுவில் ஜிப்சம் தனியாகப் படிந்துவிடும். 24, 25 டிகிரிக்கு வந்தால்தான் உப்புப் பூக்க ஆரம்பிக்கும். 29, 30-க்குப் போவதற்குள் மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட வேண்டும். விட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். உப்புக் கல் உருவாகும்போது சோடியத்தையும் குளோரைடையும்தான் வரிசையாக அடுக்கிக்கொள்ளும். தன் அடுக்கில் பொருந்தாத மற்ற உலோகங்களை வெளியே தள்ளிவிடும். தள்ளினதில் பெரும்பகுதி அந்தக் கசப்புத் தண்ணீரோடு போய்விடும். கல்லுக்குள் சிறைப்பட்ட துளித் தண்ணீரில் கொஞ்சம் இருக்கும்.

அப்புறம் எங்கிருந்துதான் ஈயம் வருகிறது? என் தம்ளரின் அடியில் கிடந்த அந்த மண்ணிலிருந்துதான்.

சாதாரண மண்ணிலேயே, எந்தத் தொழிற்சாலையும் இல்லாத இடத்திலும், கிலோவுக்கு 15, 20 மில்லிகிராம் ஈயம் இயற்கையாக உண்டு. நூறு கிலோ உப்பில் ஒரு கிலோ மண் கலந்திருந்தால், கிலோ உப்புக்கு 0.2 மில்லிகிராம், அதாவது 200 மைக்ரோகிராம் ஈயம் சேர்ந்துவிடும். கடல் கொடுத்த 1.2 எங்கே, மண் கொடுத்த 200 எங்கே! அந்த மண் ஏதாவது உருக்காலைப் பக்கமோ, பழைய பேட்டரி உடைக்கும் இடத்துப் பக்கமோ கிடந்து கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம் ஏறியதாக இருந்தால், அதே ஒரு சதவீதக் கலப்பே வரம்பைத் தொட்டுவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தைப் பார்த்தபோது இது இன்னும் தெளிவானது. 2021-இல் அவர்கள் உப்புக்கு ஈய வரம்பு வைத்தார்கள்: கிலோவுக்கு 1 மில்லிகிராம். ஆனால் களிமண் தரை உள்ள அளங்களில் கையால் வாரும் சாம்பல் உப்புக்கும் ‘ஃப்ளர் த செல்’ என்ற பூ உப்புக்கும் மட்டும் 2 என்று தளர்த்தினார்கள். களிமண்ணில் விளைந்தால் ஈயம் கூடும் என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. கோடெக்ஸும் 1 என்ற வரம்பிலிருந்து சதுப்பு நிலத்தில் எடுக்கும் உப்புக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. பிரான்ஸ் நாட்டுக் கடற்கரையிலிருந்து வரும் அந்தச் சாம்பல் உப்பைத்தான் நம்ம ஊரில் ஆன்லைனில் ‘சுத்திகரிக்காத, இயற்கையான’ உப்பு என்று தங்க விலைக்கு விற்கிறார்கள்.

ஆக உப்பை ஒப்பிட வேண்டுமென்றால் எந்தக் கடல் என்று கேட்பதை விட எவ்வளவு மண் என்று கேட்பது பலன் தரும்.

மூட்டை உப்பு

எங்கள் வீட்டு உப்பு என்பதால் இதற்குப் பரிந்து பேசத்தான் ஆசை. ருசி நன்றாக இருக்கும், ஊறுகாய்க்கு இதை விட்டால் வேறில்லை என்று அம்மா சொல்வாள். ஆனால் பாத்தியிலிருந்து வாரி, தட்டுமேட்டில் (பாத்தியை ஒட்டின மேட்டில்) அம்பாரமாகக் குவித்து, அங்கிருந்து நேரே மூட்டை கட்டின உப்பு இது. நடுவில் கழுவுவதும் இல்லை, அயோடின் சேர்ப்பதும் இல்லை.

மண் எவ்வளவு சேரும் என்பது வாருகிறவரின் கையைப் பொறுத்தது. சித்தப்பாவிடம் போனில் கேட்டேன். “மேலாப்பல வாரினா வெள்ளை. ஆசைப்பட்டு அடி வரைக்கும் வழிச்சா கறுப்பு. மழைக்கு அப்புறம் முத வாரல் வீட்டுக்கு எடுக்கவே மாட்டோம்” என்றார். பருவம் தொடங்குமுன் பாத்தித் தரையை மிதித்து மிதித்து இறுக்குவதே மண் கிளம்பாமல் இருப்பதற்குத்தான். அந்த வேலையைச் சரியாகச் செய்த பாத்தியும், அரைகுறையாக விட்ட பாத்தியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மூட்டையைப் பார்த்து எது எந்தப் பாத்தி என்று சொல்ல முடியாது.

தூத்துக்குடி உப்பில் இன்னொரு விஷயம், வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாதது: எல்லா அளத்திலும் கடல் தண்ணீர் ஓடுவதில்லை. பல இடங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டு நிலத்தடி உவர்நீரை இறைக்கிறார்கள். அது கடலை விடக் கெட்டியாக, டிகிரி கூடுதலாக வருவதால் சீக்கிரம் விளைந்துவிடும். ஆகவே அந்த உப்பின் குணத்தைக் கடலை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. நிலத்தடியில் என்ன இருக்கிறதோ அதுவும் வரும்.

ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்கும் இல்லை. தாமிர உருக்காலை மாசுபடுத்தியதற்காக 2013-இல் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் கட்டச் சொன்ன ஊர் அது. 2018 மே 22 அன்று அந்த ஆலையை எதிர்த்துப் போனவர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்த ஊர். அதற்குப் பிறகு ஆலை மூடிக் கிடக்கிறது. அனல் மின் நிலையங்கள் இன்னும் இருக்கின்றன. அதனால் ‘எங்க ஊர் உப்பு சுத்தம்’ என்று மார்தட்ட எனக்கு வாய் வரவில்லை. ‘எங்க ஊர் உப்பு விஷம்’ என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. குறிப்பிட்ட ஒரு மூட்டையைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. சில ஆயிரம் ரூபாய் ஆகும். இருபத்தைந்து ரூபாய் உப்புக்கு அது கட்டுபடியாகாது என்பதால் யாரும் செய்வதில்லை.

கர்ப்பிணி வீட்டில் தினசரிச் சமையலுக்கு இந்த மூட்டை வேண்டாம் என்பது என் முடிவு. ஈயத்துக்குப் பயந்து மட்டும் இல்லை. அயோடின் இல்லாததுதான் பெரிய காரணம். அதைப் பிங்க் உப்பில் சொல்கிறேன்.

பிங்க் உப்பு

இதை இமாலய உப்பு என்கிறோம். சித்த மருத்துவக் கடையில் இந்துப்பு என்று கேட்டாலும் இந்த வகைதான் கிடைக்கும். பெரும்பாலும் பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள கேவ்ரா சுரங்கத்து உப்பு. முதலில் ஒன்று: இதுவும் கடல் உப்புதான். 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் வற்றிப்போன கடல், அவ்வளவே. தொழிற்சாலை என்ற ஒன்றே இல்லாத காலத்துக் கடல் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் கடல் வற்றும்போது களிமண்ணும் சேர்ந்தே படிந்தது. அந்த இளஞ்சிவப்பு, இரும்புத் துருவின் நிறம். என் விரலில் வழுவழுத்ததும் அந்தக் களிமண்தான்.

2020-இல் ஆஸ்திரேலியாவில், கடைகளில் விற்கும் பிங்க் உப்புகளில் 31 மாதிரிகளை வாங்கிச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். அதில் ஒன்றில், அது இமயமலை உப்பு அல்ல, பெரு நாட்டு உப்பு, ஈயம் கிலோவுக்கு 2.59 மில்லிகிராம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் வரம்பு 2. மற்றவை வரம்புக்குள்தான். ஆனால் அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: இதில் இருப்பதாகப் பெருமையடிக்கும் தாதுக்கள் உடம்புக்கு உருப்படியாகக் கிடைக்க வேண்டுமென்றால் நாளைக்கு 30 கிராமுக்கு மேல் உப்புச் சாப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பே 5 கிராம். ‘84 தாதுக்கள்’ என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அந்தப் பட்டியலில் ஈயமும் ஒரு தாதுதான் என்பதை யாரும் தடித்த எழுத்தில் போடுவதில்லை.

எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது சிக்கல். பாகிஸ்தான் சரக்குக்கு 2019-இல் இந்தியா 200 சதவீத வரி போட்டது. 2025 மே மாதம் இறக்குமதியையே நிறுத்திவிட்டது. அப்படியானால் இன்று கடையில் அடுக்கி வைத்திருக்கும் பிங்க் பாக்கெட் எந்த நாட்டுச் சரக்கு? என் கையில் இருந்த பாக்கெட்டில் பொதி கட்டிய ஊர் இருந்தது, வெட்டி எடுத்த ஊர் இல்லை.

அயோடினுக்கு வருவோம். நம் நாட்டில் சமையலுக்கு விற்கும் உப்பில், கடைக்கு வரும்போது குறைந்தது 15 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 15 மில்லிகிராம், அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம். 15 பிபிஎம் உப்பை 10 கிராம் சாப்பிட்டால் 150 மைக்ரோகிராம் கிடைக்கும், சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது. கர்ப்பிணிக்கு 250 வேண்டும். பிங்க் உப்பில் இயற்கையாக இருக்கும் அயோடின் கணக்கில் வராத அளவு. தனியாகச் சேர்த்த பாக்கெட்டும் உண்டு, தேடித்தான் பிடிக்க வேண்டும். அயோடின் குறைந்தாலும் அடிவாங்குவது அதே பிள்ளையின் மூளைதான். ஈயத்திலிருந்து மூளையைக் காப்பாற்றப் போய் அயோடினில் விட்டுவிடுவதா என்றுதான் தங்கையிடம் கேட்டேன். இதில் ஒரு வேடிக்கை: முன்கழுத்துக் கழலைக்குப் பேர்போன பூமியே இமயமலை அடிவாரம்தான். அயோடின் உப்பு கழலையைக் குறைக்கிறது என்பதை இந்தியா காட்டியது அங்கே காங்ரா பள்ளத்தாக்கில், 1950-களில் தொடங்கிய ஆய்வில். 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. இமயமலையின் பெயரைச் சொல்லி அயோடின் இல்லாத உப்பை நமக்கே திருப்பி விற்பதை என்னவென்று சொல்ல!

தூள் உப்பும் பாக்கெட் கல் உப்பும்

தூள் உப்பிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, உப்பை மறுபடி கரைத்து, கால்சியம், மக்னீசியத்தை வேதிப்பொருள் போட்டுப் படிய வைத்து வடிகட்டி, வெற்றிடக் கொப்பரையில் காய்ச்சி எடுப்பது. அந்தப் படிவோடு ஈயம் மாதிரியான உலோகங்களும் கணிசமாகக் கீழே போய்விடும், மண்ணும் போய்விடும். இன்னொன்று, கல் உப்பை உப்புத் தண்ணீரிலேயே கழுவி, அரைத்து, காயவைத்து அடைப்பது. இதில் மேலே ஒட்டின மண் போகும், முழுசாகப் போகாது. பாக்கெட்டில் ‘ரீஃபைண்ட்’ என்றோ ‘வேக்யூம்’ என்றோ போட்டிருந்தால் முதல் ஜாதி என்று ஓரளவுக்கு நம்பலாம்.

என் தம்ளரில் தெரிந்த பால் மூட்டம், உப்பு கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொடி. இதே வேலைக்குச் சேர்க்கும் ஃபெர்ரோசயனைடு பற்றி அவ்வப்போது ‘உப்பில் சயனைடு’ என்று புரளி கிளம்பும். அதில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கும், வயிற்றில் பிரியாது. அனுமதித்திருக்கும் அளவும் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்குதான். அதற்குப் பயந்து தூளை விட வேண்டியதில்லை.

பாக்கெட்டில் வரும் அயோடின் கல் உப்பு இரண்டுக்கும் நடுவே. கழுவினதாக இருந்தால் எனக்கு இது சம்மதம். ஆனால் கல்லின் மேல்பூச்சாகத் தெளித்த அயோடின், ஈரம் பட்டால் கசிந்து அடியில் இறங்கிவிடும். வாய் திறந்த பாத்திரத்தில் அடுப்புப் பக்கம் வைத்திருக்கிற வீடுகளில் மேல் உப்பில் ஒன்றும் மிஞ்சாது. மூடி போட்ட ஜாடி, அடுப்பிலிருந்து தள்ளி, குழம்பு இறக்கும்போது உப்பு. இவ்வளவு செய்தால் போதும்.

சோடியம் குறைத்த உப்பும் ஒன்று இருக்கிறது, பொட்டாசியம் குளோரைடு கலந்தது. சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் பார்த்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. அப்பாவுக்கு நான் இதைத்தான் வாங்கிக்கொடுப்பேன், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு. உலோகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உலக சுகாதார நிறுவனமும் கர்ப்பிணிக்கும் குழந்தைகளுக்கும் இதைப் பரிந்துரைக்கவில்லை. தள்ளி வைத்துவிட்டேன்.

எவ்வளவு உள்ளே போகிறது?

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. முன்பு வைத்திருந்த வார அளவையும் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கண்காணிப்புக்காக வைத்திருக்கும் அளவு உணவு வழியாக நாளைக்கு 8.8 மைக்ரோகிராம். நாளைக்கு 8 கிராம் உப்பு என்று வைத்தால், சரியாக வரம்பில் நிற்கும் உப்பு 8 மைக்ரோகிராமைக் கொண்டுவந்துவிடும். அந்தப் பெரு நாட்டு உப்பு 20-க்கு மேல். ஒரு சதவீத நல்ல மண் கலந்த மூட்டை உப்பு 1.6. கர்ப்பத்தில் மண் குறைந்த உப்பைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஆர்செனிக், காட்மியம் என்ற மற்ற இரண்டு விஷங்களின் கதை வேறு. உப்பு வரம்பிலேயே நின்றாலும் 8 கிராமில் 4 மைக்ரோகிராம் ஆர்செனிக். குடிதண்ணீருக்கான வரம்பு லிட்டருக்கு 10. மூன்று லிட்டர் குடித்தால் 30. தீட்டிய அரிசிக்கான கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், நாளைக்கு 300 கிராம் அரிசி பொங்கினால் 60. காட்மியத்துக்கும் அரிசியின் கணக்கு இப்படித்தான், இன்னும் பெரிது. இந்த இரண்டுக்கும் உப்பு ஜாடியைச் சந்தேகப்படுகிறவர்கள் அரிசி டின்னை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் மாசுபட்ட கடல் நமக்கு ஒன்றும் செய்யாதா? செய்யும், வேறு வழியில். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளியே தெரிந்த பாதரசக் கொடுமை, வளைகுடாவின் மீனும் சிப்பியும் வழியாகத்தான் மனிதர்களுக்குள் போனது. பாதரசத்தை உப்புக் கல் வெளியே தள்ளும், மீன் உள்ளே சேர்த்துக்கொள்ளும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது ஏறிக்கொண்டே போகும். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டியவை என்று அமெரிக்கப் பட்டியலில் இருக்கும் மீன்களில் சுறா உண்டு, கிங் மேக்கரல் உண்டு. இரண்டாவது நம்ம சீலா (வஞ்சிரம்) அல்ல, அதற்குச் சொந்தக்கார இனம். தங்கைக்குச் சீலா என்றால் உயிர். சாளைக்கும் நெத்திலிக்கும் மாறு, சீலாவை எப்போதாவது ஒரு துண்டோடு நிறுத்து என்றேன். எண்ணூர்ப் பக்கத்து மட்டியைத் தொடவே தொடாதே என்றும் சொன்னேன். மட்டி ஒரே இடத்தில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரை வடிகட்டியே பிழைக்கிற ஜீவன்.

ஈயச் செம்பு

ஈயத்தைத் தேடிப் போனதில் கடைசியில் மாட்டியது இதுதான். 2020-இல் யுனிசெஃபும் ப்யூர் எர்த் என்ற தன்னார்வ அமைப்பும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன: இந்தியாவில் மட்டும் 27.5 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டியிருக்கும் என்று. காரணமாகச் சொல்லும் பட்டியலில் பேட்டரி உருக்கும் பட்டறை, பெயின்ட், நிறம் ஏற்றிய மஞ்சள் தூள், சமையல் பாத்திரம் எல்லாம் வரும். சாப்பாட்டு உப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

நம் பாஷையிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். இதுவரை நான் பேசிய விஷ ஈயம் காரீயம்தான். ரசம் வைக்கும் ஈயச் செம்பு வெள்ளீயத்தில் செய்ய வேண்டியது, அது ஆபத்தில்லை. ஆனால் வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. கலப்படம் செய்ய வேறு காரணம் வேண்டுமா? அதில் புளித்தண்ணீரைக் கொதிக்கவிட்டால் புளி இழுத்துக்கொண்டு வரும் ஈயத்துக்கு முன்னால் உப்பில் இருக்கும் ஈயம் கடுகுக்கும் காணாது. தங்கை கல்யாணத்துக்கு அம்மா சீராகக் கொடுத்த செம்பு ஒன்று அவள் அடுப்பில் தினமும் இருக்கிறது. எங்கே வாங்கியது என்று அம்மாவுக்கே நினைவில்லை. பேப்பரில் உரசினால் கறுப்புக் கோடு விழுந்தால் காரீயம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கலப்பு ஈயத்தில் அதை மட்டும் நம்ப மாட்டேன். பிரசவம் ஆகி, பால் குடி மறக்கும்வரை பரணில் போடு என்றேன். மஞ்சளை விரலியாக வாங்கி அரைத்துக்கொள் என்றேன்.

“அந்தச் செம்பு ரசம் குடிச்சுத்தான் நீங்க ரெண்டு பேரும் வளர்ந்தீங்க” என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

உப்பு விஷயம் இப்படி முடிந்தது: தினசரிச் சமையலுக்கு ரீஃபைண்ட் அயோடின் தூள், மூடி இறுக்கமான ஜாடியில். ஊர் மூட்டையை வீணாக்க மனசில்லை. வடு மாங்காய்க்கும் நார்த்தங்காய்க்கும் மட்டும், முதல் நாள் ராத்திரி தண்ணீரில் கரைத்து வைத்து, காலையில் தெளிவை வெள்ளைத் துணியில் இறுத்து எடுத்துக்கொள்வது. பாட்டி காலத்து வழக்கம்தான் இது. மண்ணோடு ஒட்டின ஈயம் அடியிலேயே தங்கும்; கரைந்த உலோகம் இதில் போகாது, அது முன்னமே கொஞ்சம்தான். பிங்க் உப்பு, பாதி பாக்கெட் மிச்சம், மாப்பிள்ளை வெந்நீரில் போட்டுக் காலை ஊறவைக்கிறார்.

எல்லாவற்றுக்கும் சரி சரி என்றவள், போனை வைக்கும் முன்னால் கேட்டாள்: “அப்போ பிள்ளை பொறந்ததும் பால் சுறாப் புட்டு?”

“அதுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு” என்று சொல்லி வைத்திருக்கிறேன்.